ராத்திரி எட்டரைக்கு மட்டும் ஏன் வீடியோ சுத்துகிறது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டுக்கு ஃபைபர் இழுத்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்வார்கள். காலை பதினொரு மணிக்கு யூடியூப் தடங்கலே இல்லாமல் ஓடும். ராத்திரி எட்டரைக்கு அதே டிவி, அதே மோடம், அதே 100 எம்பிபிஎஸ் பிளான்தான், ஆனால் படம் மங்கிப்போய் நடுவில் வட்டம் சுத்தும். கேபிள்காரருக்கு ஃபோன் போட்டால் பேச்சு இப்படிப் போகும்.

“அண்ணா, ராத்திரி ஆனா நெட் சுத்துதுண்ணா.”

“ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க தம்பி. எவ்ளோ வருது?”

“98 வருதுங்க.”

“அப்புறம் என்ன, லைன் நல்லாத்தான இருக்கு. டிவியில ஏதாச்சும் இருக்கும், பாருங்க.”

இந்தப் பேச்சில் யாரும் பொய் சொல்லவில்லை. 98 வருவதும் உண்மை, வீடியோ சுத்துவதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பது புரிந்துவிட்டால், கோளாறு எங்கே என்று பாதி கண்டுபிடித்த மாதிரி.

முதலில் வீடியோ எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒரு படம் சர்வரில் முழு நீளமாகக் கிடப்பதில்லை. இரண்டு விநாடியிலிருந்து பத்து விநாடி வரையிலான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் 480, 720, 1080, 4கே என்று பல தரங்களில் செய்து வைத்திருப்பார்கள். ஆப்பிள் 2009-ல் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012-ல் சர்வதேசத் தரமாக வெளிவந்த டேஷ் என்ற வீடியோ அனுப்பும் முறைகள் இரண்டும் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவு செய்வது உங்கள் டிவியில் ஓடும் ஆப். போன துண்டு எவ்வளவு வேகத்தில் வந்து சேர்ந்தது, கையிருப்பில் இன்னும் எத்தனை விநாடிப் படம் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்து அது கேட்கும். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி 720-க்கு 3 எம்பிபிஎஸ், 1080-க்கு 5, 4கே-க்கு 15 இருந்தால் போதும். ஆக, 100 எம்பிபிஎஸ் பிளானில் இருபதில் ஒரு பங்கு வந்தாலே முழு எச்டி ஓட வேண்டும்.

அதனால் அறிகுறியை நிதானமாகக் கவனிப்பது நல்லது. படம் மங்குகிறது, ஆனால் நிற்காமல் ஓடுகிறது என்றால், வழியில் எங்கோ வேகம் குறைந்துபோய், ஆப் தரத்தை இறக்கிச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. தெளிவாக ஓடிக்கொண்டிருந்த படம் பட்டென்று நின்று, பத்து விநாடி கழித்து மறுபடி தெளிவாக ஓடினால், தொடர்பு விட்டுவிட்டு அறுபடுகிறது. இது பெரும்பாலும் வீட்டுக்குள் வைஃபை செய்கிற வேலை. கிரிக்கெட் நேரலை தனி ரகம். சினிமா என்றால் ஆப் முன்கூட்டியே நிறையத் துண்டுகளை இழுத்து வைத்துக்கொள்ளும். நேரலையில் இன்னும் போடாத பந்தை முன்கூட்டி இழுக்க முடியாதே! கையிருப்பு சில விநாடிதான். ஐபிஎல் ஆட்டம் ஏழரைக்குத் தொடங்கி, ஊரே வீட்டில் இருக்கும் நேரத்தில் ஓடுவதால் முதலில் அடிவாங்குவது அதுதான். அந்தச் சில விநாடிக் கையிருப்புக்காக ஆப் பின்தங்கி ஓடுவதால்தான், டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் சிக்ஸருக்குக் கத்திய பிறகு நம் டிவியில் பவுலர் ஓடி வருகிறார்.

சரி, நெரிசல் எங்கே உண்டாகிறது? உங்கள் மோடத்திலிருந்து கிளம்பும் ஃபைபர், தெருக்கம்பத்தில் தொங்கும் ஸ்பிளிட்டருக்குப் போகிறது. அங்கே 32 அல்லது 64 வீடுகள் ஒரே இழையில் சேர்கின்றன. அந்த இழை ஆபரேட்டர் அறையில் இருக்கும் ஓஎல்டி பெட்டிக்குப் போகும். ஜிபான் என்ற ஃபைபர் முறையில் அந்த ஓர் இழை வீடுகளை நோக்கி 2.488 ஜிபிபிஎஸ் சுமக்கும் (ஒரு ஜிபிபிஎஸ் என்பது ஆயிரம் எம்பிபிஎஸ்). 64 வீட்டிலும் வீட்டுக்கு இரண்டு திரையில் முழு எச்டி ஓடினாலும் 640 எம்பிபிஎஸ்தான், அதாவது கால் பங்கு. விலை குறைந்த ஈபான் முறையில் ஓர் இழைக்கு 1 ஜிபிபிஎஸ். அதற்கும் இது அடங்கிவிடும். ஆகவே எல்லோரும் சந்தேகப்படும் தெருக் கம்பி இந்த விஷயத்தில் நிரபராதி.

குறுகல் அதற்கு மேலே இருக்கிறது. ஓஎல்டி-யில் எட்டு போர்ட் (இழை செருகும் துளை), போர்ட்டுக்கு 64 வீடு என்றால் 512 வீடு. அங்கிருந்து வெளியே போகும் இணைப்பு, அதாவது அப்லிங்க், 1 ஜிபிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி எட்டரைக்குப் பாதி வீட்டில் மட்டும் வீட்டுக்கு ஒரு முழு எச்டி ஓடினால் 256 ஐந்தால் பெருக்க 1,280 எம்பிபிஎஸ். ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. காலை பதினொரு மணிக்கு ஐம்பது வீட்டில்தான் ஓடும், 250 எம்பிபிஎஸ். யாருக்கும் குறை தெரியாது. 512 வீட்டுக்கும் தலா 100 எம்பிபிஎஸ் என்று விற்றிருக்கும் 51 ஜிபிபிஎஸ், 1 ஜிபிபிஎஸ் கம்பியில்தான் உட்கார்ந்திருக்கிறது. இதைக் கேட்டு யாரும் கோபப்பட வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளும் கட்டப்பட்டன. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் இதற்கான கணக்கை 1909-லேயே எழுதினார். எத்தனை பேருக்கு எவ்வளவு பகிர்ந்தால் தாங்கும் என்பதில்தான் நல்ல ஆபரேட்டரும் மோசமான ஆபரேட்டரும் பிரிகிறார்கள்.

இந்தக் கணக்கில் இருக்கும் வில்லங்கம், நெரிசல் படிப்படியாக ஏறாமல் கடைசியில் ஒரேயடியாகப் பாயும் என்பது. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் லீவு முடிந்து பெங்களூர் திரும்பும் ஞாயிறு சாயங்காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: நாலரை மணி வரை வண்டி நிற்காமல் போகும், இன்னும் கொஞ்சம் வண்டி சேர்ந்ததும் வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டுவிடும். வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய சூத்திரப்படி, ஒரு இணைப்பு பாதி நிரம்பியிருந்தால் ஒரு பாக்கெட் (இணையத்தில் தகவல் போகும் சின்னப் பொட்டலம்) அதைக் கடக்க ஆகும் நேரம், காலியாக இருக்கும்போது ஆவதைப்போல் இரண்டு மடங்கு. 80 சதவீதம் நிரம்பினால் ஐந்து மடங்கு, 90-ல் பத்து, 95-ல் இருபது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-ல் கொண்டுவந்த பிராட்பேண்ட் தர விதிகளில், உச்ச நேரத்தில் இணைப்புப் பயன்பாடு 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படித்தால் அர்த்தம் விளங்கும்.

வரிசை நிரம்பி வழிந்தால் ரவுட்டர் பாக்கெட்டுகளைக் கீழே போட்டுவிடும். தொலைந்ததைக் கவனித்து, அனுப்பும் கம்ப்யூட்டர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த ஒழுங்கு வந்ததே ஒரு விபத்துக்குப் பிறகுதான். 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும், வெறும் 400 கஜம் தள்ளியிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இணைய வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. தொலைந்த பாக்கெட்டுகளை எல்லாக் கம்ப்யூட்டரும் விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பியதால் பாதையே அடைத்துக்கொண்டது. வான் ஜேக்கப்சன் 1988-ல் வெளியிட்ட தீர்வு, நெரிசலைக் கண்டால் அனுப்புபவர் பின்வாங்க வேண்டும் என்பது. இன்று ராத்திரி உங்கள் டிவி 1080-லிருந்து 480-க்கு இறங்குவதற்கு அடியில் இருப்பதும் அந்த ஏற்பாடுதான்.

இப்போது அந்த 98-க்கு வருவோம். ஸ்பீடு டெஸ்ட் ஆப் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் சர்வரைத் தேடிப் பிடிக்கும். அது பல நேரம் உங்கள் ஆபரேட்டருக்கோ, அவருக்கு மேலே பேண்ட்வித் (இணையக் கொள்ளளவு) கொடுக்கும் நிறுவனத்துக்கோ சொந்தமான சர்வர். அடைப்பு அதற்கும் அப்பால் இருந்தால் சோதனை அந்த இடத்தைத் தொடவே தொடாது. தவிர, சோதனை ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்கிறது. நெரிசலில் பங்கு பெரும்பாலும் இணைப்புக்கு ஒன்று என்று கிடைப்பதால், எட்டு இணைப்பு வைத்திருக்கிற சோதனைக்கு எட்டுப் பங்கு. ஓரிரு இணைப்பில் படம் இழுக்கும் டிவிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2016-ல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ஃபாஸ்ட் டாட் காம் சோதனை, படம் வரும் அதே சர்வர்களிலிருந்து இழுத்துப் பார்க்கும். இரண்டையும் ராத்திரி எட்டரைக்கு அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டுமே குறைந்தால் அடைப்பு உங்களுக்குப் பக்கத்தில். ஸ்பீடு டெஸ்ட் 98 காட்டி, ஃபாஸ்ட் 6 காட்டினால் அடைப்பு ஆபரேட்டரைத் தாண்டி வெளியே.

வெளியே என்றால் எங்கே? யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அதிகம் பார்க்கப்படும் படங்களைச் சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களிலும், பெரிய நெட் நிறுவனங்களின் அறைகளுக்குள்ளேயும் சேமிப்பு சர்வர்களில் நகல் எடுத்து வைக்கின்றன. கூட்டம் இல்லாத அதிகாலையில் நெட்ஃபிளிக்ஸ் தன் சர்வர்களை நிரப்பிக்கொள்ளும். ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தானே என்று நினைப்போம். உங்கள் ஆபரேட்டர் பேண்ட்வித்தைச் சேலம் வழியாகச் சென்னையில் வாங்கியிருந்தால் படமும் அந்த வழியில்தான் வரும். தூரத்தால் பெரிய நஷ்டமில்லை. ஃபைபரில் ஒளி 300 கிலோமீட்டரை ஒன்றரை மில்லிவிநாடியில் கடந்துவிடும். வழியில் எத்தனை இடத்தில் வரிசை நிற்கிறது என்பதுதான் கேள்வி. இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் போட்டதும் அதே நேரத்தில் யூடியூப் நன்றாக ஓடினால், வழக்கமான பாதையில்தான் அடைப்பு என்று ஓரளவு உறுதி செய்துகொள்ளலாம்.

மேலே இருப்பவர்களைக் குறை சொல்வதற்கு முன் வீட்டுக்குள் ஒரு பார்வை. லேன் வயர் ஒன்றை மோடத்திலிருந்து நேராக டிவிக்குக் குத்துங்கள். சுத்துவது நின்றால் பிரச்சினை வைஃபை. மாலையில் அக்கம்பக்கத்து வைஃபையும் விழித்துக்கொள்கிறது; 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல் 1, 6, 11 என மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். அதுவும் நம்ம பக்கத்துப் பழைய கருங்கல் சுவர் வீடுகளில் ஹாலில் வைத்த மோடத்தின் 5 கிகாஹெர்ட்ஸ் பின் அறைக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிய விஷயம். மூலையில் பலவீனமான சிக்னலில் இருக்கும் ஒரு ஃபோன் மெதுவாகப் பேசிக் காற்றுநேரத்தை இழுத்துக்கொண்டால் டிவியும் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, பலருக்கும் தோன்றாதது: சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வந்ததும் ஃபோன்கள் அன்று எடுத்த போட்டோவையெல்லாம் மேலே ஏற்ற ஆரம்பிக்கும். அப்லோடு நிரம்பிவிட்டால், ‘பாக்கெட் வந்து சேர்ந்தது’ என்று டிவி அனுப்பும் பதில் அதன் பின்னால் சிக்கி, டவுன்லோடும் மெதுவாகும். பேக்கப்பை நள்ளிரவுக்கு மாற்றிவைத்தால் போதும்.

மோடத்தில் எல்ஓஎஸ் சிவப்பு விளக்கு (ஃபைபரில் சிக்னல் வரவில்லை என்று அர்த்தம்), ஃபைபர் மடங்கல், மோசமான ஜாயிண்ட் எல்லாம் வேறு கதை. அவை பகலிலும் படுத்தும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைக் கிராமங்களில் மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்களுக்கும் ராத்திரிப் பிரச்சினை உண்டு. நாலு கட்டை சிக்னல் காட்டியும் ஓடாததற்குக் காரணம், கட்டை காட்டுவது டவரின் சத்தத்தை மட்டும்தான். அந்த டவரில் எத்தனை பேர் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதில் தெரியாது.

கம்ப்யூட்டர் இருந்தால் அடைப்பை எண்ணாகவே பார்க்கலாம். லேன் வயரில் இணைத்து, மோடத்தின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கட்டளை) போடுங்கள். ஒன்றிரண்டு மில்லிவிநாடியில் பதில் வர வேண்டும். பிறகு வழியில் இருக்கும் ரவுட்டர்களைப் பட்டியல் போடும் டிரேஸ்ரூட் கட்டளையை ஓடவிட்டு, அடுத்து வரும் முகவரிகளுக்கு (ஒவ்வொன்றும் ஒரு ஹாப்) ஒவ்வொன்றாக, காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பிங் போடுங்கள். காலையில் 12 மில்லிவிநாடி காட்டிய ஒரு முகவரியும் அதற்குப் பின்னால் வருகிற எல்லாமும் ராத்திரி 90 காட்டினால், வரிசை நிற்கும் இடம் அதுதான். நடுவில் ஒன்று மட்டும் எகிறி, பின்னால் வருபவை சரியாக இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். அந்த ரவுட்டருக்குப் பிங்குக்குப் பதில் சொல்ல நேரமில்லை, அவ்வளவுதான்.

இந்த எண்களோடு ஃபோன் போட்டால் பேச்சே மாறும். “நெட் ஸ்லோ” என்றால் மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார். “மூணாவது ஹாப்ல ராத்திரி மட்டும் 90 வருதுண்ணா, உங்க அப்லிங்க் ஃபுல்லா ஆகுதா?” என்றால் அவர் மேலே கேட்டாக வேண்டும். 100-லிருந்து 300 பிளானுக்கு மாறச் சொன்னால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். குறுகல் பொது இணைப்பில் இருக்கும்போது உங்கள் வீட்டு வரம்பை உயர்த்தி எந்தப் பலனும் இல்லை. கூடுதல் பணம்தான் போகும்.

அப்லிங்க் பெரிதாகும் வரை, சினிமாவை மத்தியானமே டவுன்லோடு போட்டு வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு அது முடியாது. தரத்தை ஆட்டோவிலிருந்து எடுத்து 720-ல் நிறுத்திவிடுங்கள். 32 அங்குல டிவியை எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு 1080-க்கும் அதற்கும் வித்தியாசம் தெரிவது கஷ்டம்.