ஓய்வுக்குப் பிறகு வரும் காலைப்பொழுது

போதை மீட்பு சிகிச்சைக்கு வரும் விளையாட்டு வீரர்கள் பெரும்பாலும் முதல் நாளிலேயே கேட்பது, "எத்தனை வாரத்தில் சரியாகும், டாக்டர்?" என்பதுதான். முழங்கால் ஜவ்வு கிழிந்தபோது களம் திரும்ப நாள் குறித்துக் கொடுத்தார்கள். இதற்கும் அப்படியொரு தேதி வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

ஓய்வுபெற்ற வீரர் ஒருவர், பல ஆண்டுக் குடியை ஒரே நாளில் தாமாகவே நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள் என்னிடம் வந்தார். வியர்த்தால் விஷம் இறங்கிவிடும் என்று நம்பி, அன்று காலையும் ஓடிவிட்டு வந்திருந்தார். ரசிகர்களுக்கு ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்ட அந்தக் கை, என் படிவத்தின் கோட்டில் நிற்காமல் நடுங்கியது. தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதையடுத்து மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் தெரிவதும் நேரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மருத்துவக் கண்காணிப்பில், தயமின் என்னும் வைட்டமின் பி1 கொடுத்து, நடுக்கத்தைத் தணிக்கும் மருந்துகளைப் தந்து படிப்படியாகக் குறைத்தே குடியை நிறுத்த வேண்டும். வலியைப் பொறுத்துப் பழகிய மன உறுதியே இங்கே அவரைத் தாமதமாக வரவைத்தது என்பது என் கணிப்பு.

வலிநிவாரணிகளின் கதை வேறு. அபினைப் போலப் பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய ஓபியாய்டு வகையைச் சேர்ந்த டிரமடால் என்ற வலிநிவாரணி, 2024 ஜனவரி 1 முதல் வீரர்களுக்குப் போட்டிக்காலத்தில் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆனால் ஓய்வுபெற்றவரின் வீட்டு அலமாரியை எந்த ஊக்கமருந்துப் பரிசோதனையும் எட்டிப் பார்ப்பதில்லை.

பலருக்குப் பழக்கம் முற்றுவது ஆட்டத்தை விட்ட பிறகுதான். 2003இல் ஓய்வுபெற்ற பாகிஸ்தான் பந்துவீச்சாளர் வாசிம் அக்ரம், அதற்குப் பின்னரே கொக்கைனுக்கு அடிமையானதாகவும், 2009இல் மனைவி இறந்ததை அடுத்து அதை விட்டதாகவும் 2022இல் வெளிப்படையாகச் சொன்னார். போட்டி தந்த பரபரப்புக்கு மாற்றாக அதை நாடினேனோ என்று தம்மையே கேட்டுக்கொண்டார். பயிற்சி, உணவு, தூக்கம் எல்லாவற்றையும் வேறொருவர் வகுத்துத் தந்த வாழ்க்கையிலிருந்து ஒரே நாளில் வெளியேறுபவருக்கு, கைதட்டல் மட்டுமல்ல, நாளின் ஒழுங்கே போய்விடுகிறது.

அதனால் மருந்தோடு நாங்கள் ஒரு கால அட்டவணையும் எழுதுகிறோம். கை நடுங்க வந்த அந்த வீரருக்குக் காலை ஐந்து மணிக்குச் சிறுவர்களுக்குப் பயிற்சி தரும் வேலை கிடைத்துவிட்டது, ஆசையோடு போகிறார். ஒருமுறை சறுக்கி மீண்டும் குடித்தார், மறுநாளே வந்து சொன்னதால் சிகிச்சையைச் சற்று மாற்றித் தொடர முடிந்தது. மாலை ஆறு முதல் எட்டு மணி வரை என்ன செய்வது என்பதற்கு மட்டும் அவரும் நானும் இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை ஏழு மணிக்கு அவர் என்னைத் தொலைபேசியில் அழைப்பார்.