தோல் உரிக்க நல்ல கத்தி எது?

மான் வேட்டைக்குச் சட்டம் இடம் கொடுக்கும் அமெரிக்கா, நியூசிலாந்து போன்ற நாடுகளில், தோல் உரிப்பதற்கென்றே 'ஸ்கின்னர்' என்ற பெயரில் ஒரு குட்டைக் கத்தி விற்கிறார்கள். அலகு 4 அங்குலம் இருந்தால் அதிகம். விளிம்பு வயிறு தள்ளினாற்போல் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தக் கத்திக்கு மானிடம் வேலை இல்லை. பேச்சிப்பாறைக்கும் கோதையாறுக்கும் மேலே உள்ள காடுகளில் மிளாவும் கேளையாடும் சருகுமானும் இருக்கின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வேட்டையாடுவது குற்றம், இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கத்தியின் வடிவத்துக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் ஆட்டுக்கும் அப்படியே பொருந்தும். மானைப் போலவே ஆடும் அசைபோடும் விலங்கு. தோலுக்குக் கீழே இரண்டின் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். கோயில் கொடைக்குக் கிடா வெட்டும் வீட்டிலும், பக்ரீத் அன்றும், சந்தையோரத்து இறைச்சிக் கடையிலும் நடப்பது இதே வேலை. பல வீடுகளில் அதற்குக் கையில் கிடைப்பது தேங்காய் வெட்டும் கனத்த வெட்டுக்கத்தி. இல்லையென்றால் மீன் அரியும் நீளக் கத்தி. இரண்டும் ஏன் சரிப்பட்டு வராது என்று புரிய, முதலில் தோலுக்கும் சதைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தோலின் உள்ளடுக்கு கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆனது. இழைகள் எல்லாத் திசையிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் தோல் அவ்வளவு உறுதியாக இருக்கிறது, செருப்பும் மத்தளமும் செய்ய உதவுகிறது. அதற்குக் கீழே வெளிறிய, ஈரமான ஒரு சவ்வு இருக்கிறது. அதிலும் கொலாஜன் உண்டு, ஆனால் இழைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, நீர் நிறைந்த கூழுக்குள் தளர்வாக ஓடுகின்றன. தோல் உடம்பின்மேல் வழுக்கி நகர்வது இந்தத் தளர்வால்தான். ஆட்டின் முதுகில் ஈ உட்கார்ந்தால் உடம்பை அசைக்காமல் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டுமே, அதைச் செய்கிற மெல்லிய தசைத் தகடும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

தோல் உரிப்பது என்றால் இந்தத் தளர்ந்த சவ்வைப் பிரிப்பது. அவ்வளவுதான். கைதேர்ந்தவர்கள் வேலை செய்வதைக் கவனித்தால் இது தெரியும். பின்னங்காலின் உட்புறத்தில் கீறல் போடும்வரை கத்தி. அப்புறம் முட்டியை மடக்கித் தோலுக்கும் சதைக்கும் நடுவே அழுத்தித் தள்ளுவார்கள். விலாப்பக்கம் முழுதும் கத்தி படாமலே கழன்றுவிடும். சிலர் காலில் ஒரு துளை போட்டுக் காற்றை ஊதி ஏற்றுவார்கள். காற்று தளர்ந்த இடத்தைத் தேடிப் போய்ப் பரவுவதால் தோல் தானாகவே எழும்பிவிடும். ஆனால் வாயால் ஊதுவது சுகாதாரத்துக்கு நல்லதல்ல, இறைச்சிக்குள் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இப்படிக் கையால் பிரிக்கும் வேலையெல்லாம் உடம்புச்சூடு இருக்கும்போதே நடந்துவிட வேண்டும். ஆட்டின் உடல் வெப்பம் 39 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். ஆறிவிட்டால் கொழுப்பு உறைந்து, சவ்வும் விறைத்துக்கொள்ளும்.

கத்தி உண்மையில் தேவைப்படுவது சவ்வு இறுகிக் கிடக்கும் இடங்களில்தான். கால் மூட்டு, வாலடி, கழுத்து, நெஞ்செலும்பின் மேல்பக்கம். அங்கே ஒரு கையால் தோலை விறைப்பாக இழுத்துப் பிடித்து, மறு கையால் விளிம்பை மெல்ல ஓட்டுகிறோம். இழுத்துப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. விறைத்து நிற்கும் இழைக்குள் ஏற்கெனவே இழுவிசை இருக்கிறது. கூரான விளிம்பு தொட்டதுமே அந்த விசைதான் இழையை அறுத்து முடிக்கிறது, கத்தி கொடுக்க வேண்டிய பங்கு கொஞ்சம்தான். தளர்ந்து கிடக்கும் இழையோ விளிம்புக்கு முன்னால் வளைந்து ஒதுங்கிக்கொள்ளும். உடனே நாம் அழுத்தத்தைக் கூட்டுவோம். கத்தி தோலைப் பொத்துக்கொண்டு போவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இனி விளிம்பின் வளைவுக்கு வருவோம். நேரான விளிம்பை விறைத்த சவ்வின்மேல் வைத்தால் அதன் நீளத்தில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் தொடும், கையின் விசை அத்தனை நீளத்துக்கும் பங்கு பிரிந்துவிடும். வளைந்த விளிம்பு எந்தக் கணத்திலும் சிறு பகுதியில் மட்டுமே தொடுகிறது. விசை முழுதும் அங்கே குவிவதால் அழுத்தாமலே அறுக்கிறது. மணிக்கட்டைத் திருப்பும்போது கை போகும் பாதையும் ஒரு வில் என்பதால், வளைந்த விளிம்பில் தொடும் இடம் அடியிலிருந்து நுனிவரை வழுக்கிக்கொண்டே போகும். இந்த வழுக்கல் முக்கியம். பழுத்த தக்காளியின்மேல் கத்தியை வைத்து நேராக அழுத்தினால் நசுங்குகிறது, அதே கத்தியை லேசாக இழுத்தால் தோல் பிளக்கிறது அல்லவா? மென்மையான எந்தப் பொருளிலும் விளிம்பு பக்கவாட்டில் நகர்ந்தால், கீழ்நோக்கிக் கொடுக்க வேண்டிய அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். ஸ்கின்னரின் நுனி குத்தாமல் சற்று அடங்கியிருப்பதும் யோசித்துச் செய்ததே. வயிற்றுப்பக்கம் கீறும்போது நுனி குடலில் பட்டால் இறைச்சி முழுதும் கெட்டுப்போகும்.

மீன் கத்தி தோற்பது இங்கேதான். அதன் நீளமும் நெகிழ்வும் முள்ளை ஒட்டிச் சீவுவதற்கு ஏற்றவை, இங்கே நுனி எங்கே போகிறது என்று கைக்குத் தெரியாது. வெட்டுக்கத்தியின் சிக்கல் வேறு. ஓங்கி வெட்டும்போது உடையாமல் இருக்க அதன் விளிம்பைப் பருமனான கோணத்தில் தீட்டியிருப்பார்கள். அந்தக் கோணம் சவ்வை அறுப்பதற்குப் பதிலாக ஆப்பு வைத்துப் பிளக்கும்.

எவ்வளவு கூர் வேண்டும்? தலைமுடியின் பருமன் 50 முதல் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நன்றாகத் தீட்டிய கத்தியின் விளிம்போ ஒரு மைக்ரான் அளவில்தான் இருக்கும். அந்த மெல்லிய ஓரத்தைத் தாங்கி நிற்பது தீட்டிய கோணம். தோல் உரிக்கும் கத்திக்கு விளிம்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 20 டிகிரி என்பது என் கணக்கு. 15-க்கு இறக்கினால் அருமையாக வெட்டும், ஆனால் மூட்டு எலும்பில் ஒருமுறை இடித்தாலே ஓரம் மடங்கிவிடும். 20 டிகிரியை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து தூக்கிப் பிடித்தால் போதும். அகலம் 3 சென்டிமீட்டர் என்றால் முதுகு 1 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும்.

இந்த ஓரத்தை மழுக்குவது எது என்று கேட்டால் பெரும்பாலானோர் எலும்பு என்பார்கள். எலும்பைவிடப் பெரிய எதிரி ஆட்டின் மயிருக்குள் ஒட்டியிருக்கும் மணல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சாதாரண மணலான குவார்ட்ஸ் 7-இல் இருக்கிறது. தோய்ச்சல் போட்ட கத்தி எஃகு அதற்கும் கீழேதான். நம் கடற்கரையில் நிலைமை இன்னும் மோசம். மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் சிர்கானும் கலந்திருப்பது தெரிந்ததே, அதற்காகத்தான் அங்கே மத்திய அரசின் கனிம மணல் ஆலையே இருக்கிறது. சிர்கானின் கடினம் 7.5. கார்னெட்டை உப்புத்தாள் செய்யவே பயன்படுத்துகிறார்கள். இந்த மண்ணில் படுத்துப் புரண்ட ஆட்டின் மயிரை வெளியிலிருந்து அறுப்பது என்பது, தீட்டி வைத்த விளிம்பை உப்புத்தாளில் தேய்ப்பதற்குச் சமம்.

ஆகவே முதல் கீறலைச் சிறியதாகப் போட்டு, கத்தியை அதற்குள் நுழைத்து, விளிம்பை வானம் பார்க்கத் திருப்பி, உள்ளிருந்து வெளியே அறுக்க வேண்டும். விளிம்பு சுத்தமான உட்தோலைத்தான் முதலில் சந்திக்கும். மயிர்கள் அறுபடாமல் இருபுறமும் விலகிப்போகும். கூர் நிலைப்பது ஒரு லாபம். அறுந்த மயிரும் மயிரில் உள்ள சாணக் கிருமியும் இறைச்சியில் ஒட்டாது என்பது இன்னொரு லாபம். எந்தக் கத்தி வாங்கினாலும் சரி, இந்த ஒரு பழக்கம் இருந்தால் அது இரண்டு மடங்கு உழைக்கும் என்று தயங்காமல் சொல்வேன்.

எஃகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாதது அதுதான். எஃகு என்பது இரும்பும் சிறிதளவு கரிமமும். நல்ல கத்தி எஃகில் கரிமம் 0.6 முதல் 1 சதவீதம்வரை இருக்கும். கொல்லர் பட்டறையில் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையைத் தேடி வாங்குவது இந்தக் கரிமத்துக்காகத்தான். கட்டடக் கம்பியில் அது போதாது. எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சும்போது இரும்பு அணுக்களின் அடுக்கு மாறி, கரிம அணுக்கள் உள்ளே கரைகின்றன. 770 டிகிரியைத் தாண்டினால் எஃகு காந்தத்தில் ஒட்டாது, சூடு ஏறிவிட்டதை அறிய அது ஒரு நல்ல அடையாளம். அந்தச் சூட்டோடு எண்ணெயில் தோய்க்கும்போது கரிமம் வெளியேற நேரமில்லாமல் சிக்கிக்கொள்கிறது. அடுக்குகள் கோணலாகி ஒன்றன்மேல் ஒன்று நகர முடியாமல் பூட்டிக்கொள்கின்றன. கடினம் வருவது அப்படித்தான். ஆனால் அந்த நிலையில் எஃகு கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதனால் மீண்டும் 200 டிகிரியைச் சற்றுத் தாண்டும்வரை இளஞ்சூடு காட்டுகிறார்கள். துலக்கிய பரப்பில் வெளிர் வைக்கோல் நிறம் படர்ந்தால் பதம் சரி. நீலம் படர்ந்துவிட்டால் 300 டிகிரியை எட்டிவிட்டது என்று பொருள். ஸ்பிரிங்குக்கு அது நல்லது, கத்தி விளிம்புக்கு ஆகாது.

சாணை பிடிக்கக் கொடுக்கும்போது இதே நீலத்தைக் கவனியுங்கள். மின்சாரச் சாணையில் தண்ணீர் தொடாமல் பொறி பறக்கத் தீட்டினால் மெல்லிய ஓரம் நொடியில் 300 டிகிரியைத் தொட்டுவிடும். கூர் இருக்கும், கடினம் போயிருக்கும். இரண்டாம் ஆட்டுக்கு அது தாங்காது.

கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள். இந்த வேலைக்கு 56 முதல் 58 போதும். 62-க்கு மேல் உள்ள விலையுயர்ந்த கத்திகள் நீண்ட நாள் கூர் காக்கும் என்பது உண்மை, ஆனால் மழுங்கினால் வீட்டுக் கல்லில் தீட்டி மாளாது. வேலையின் நடுவே இரண்டு இழுப்பில் கூர் திரும்பும் கத்தியே எனக்கு நல்ல கத்தி. கடையில் சோதிக்க ஒரு சின்ன அரம் போதும். அரம் வழுக்கிக்கொண்டே போனால் கத்தி இந்த வேலைக்கு மிகக் கடினம், உடனே கடித்துத் துகள் உதிர்ந்தால் மென்மை. லேசாகப் பிடித்து விட்டால் வாங்கலாம்.

துருப்பிடிக்கும் கரிம எஃகா, எவர்சில்வர் என்கிற ஸ்டெயின்லெஸ் எஃகா என்பது நம் கடலோரத்தில் நியாயமான கேள்வி. ஸ்டெயின்லெஸ் எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாகி எஃகைக் காக்கிறது. இரத்தத்திலும் உப்பு, குளச்சல் காற்றிலும் உப்பு. கரிம எஃகை அன்றே கழுவித் துடைத்து எண்ணெய் போட மறப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் வாங்குவதே நல்லது. மறக்காதவர்களுக்குப் பட்டறைக் கத்தி விலையிலும் தீட்டும் எளிமையிலும் மேல்.

பிடியை அசட்டையாக விடக்கூடாது. கொழுப்பு படிந்த கையில் மழமழப்பான பிடி விளிம்பை நோக்கி வழுக்கும், விரல் போகும். பிடியின் முன்னால் விரலைத் தடுக்கும் ஒரு முட்டு இருக்க வேண்டும். முறையான இறைச்சிக் கூடங்களில் கத்தியை 82 டிகிரி வெந்நீரில் முக்கிக் கிருமி நீக்குவார்கள். அரக்கு வைத்து இறுக்கிய பிடி அந்தச் சூட்டில் இளகிவிடும், ஆகவே அலகின் தகடு பிடியின் கடைசிவரை ஓடி, ஆணி அறைந்த கத்தியாகப் பார்த்து வாங்குங்கள். தோலைக் கீற ஒன்று, சதையைத் தொட ஒன்று என இரண்டு வைத்திருப்பது இன்னும் சுத்தம்.

உரித்த தோலைப் பின்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தால் கத்தி எப்படி வேலை செய்தது என்று தெரிந்துவிடும். உட்புறத்தில் விழும் சிறு கீறல் பச்சைத் தோலில் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் பதனிட்டுச் சீவும்போது அதே கீறல் ஓட்டையாகத் திறக்கும், தோலின் விலை இறங்கும்.

வேலை முடிந்ததும் தண்ணீரில் கழுவி, உலரத் துடைத்து, தேங்காயெண்ணெயை மெல்லிதாகப் பூசித் துணியில் சுற்றி வையுங்கள். தோலுறை பார்க்க அழகுதான், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அதற்குள் கிடக்கும் கரிம எஃகுக் கத்திக்குச் சில நாளிலேயே விளிம்பில் துருப்புள்ளி விழும்.