அப்பா பெயரைக் காப்பாற்றிய மகள்கள்

1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு குதிரைக்காரர்கள் பூவா தலையா போட்டார்கள். இருவருமே தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை.

ஒருவர் ஆக்டன் ஃபிப்ஸ். அன்றைய தேதியில் அமெரிக்காவின் முதல்தரப் பொலிகுதிரையான, அதாவது இனவிருத்திக்கென வைத்திருக்கும் ஆண் குதிரையான, போல்ட் ரூலர் அவர் குடும்பத்துச் சொத்து. மற்றவர் பென்னி செனரி. வர்ஜீனியாவில் தன் அப்பாவின் 'மெடோ' பண்ணையைக் கவனித்துக்கொண்டிருந்தார். நம்மூரில் ஆட்டை வாரத்துக்கு விடுவோமே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. செனரி ஆண்டுக்கு இரண்டு பெட்டைகளை அனுப்புவார். பொலிக்குக் காசு கிடையாது, பிறக்கும் குட்டிகளைப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறை முதல் ஆண்டில் இரண்டு குட்டிகள் பிறந்தன. இரண்டாம் ஆண்டில் ஒரு பெட்டைக்குச் சினை பிடிக்கவில்லை. ஆக மொத்தம் மூன்று. டாஸ் ஜெயிப்பவர் பிறந்த இரண்டில் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், அத்தோடு சரி. தோற்பவருக்கு மிச்சமுள்ள குட்டியும் வயிற்றில் இருப்பதும்.

ஃபிப்ஸ் ஜெயித்துவிட்டார். சம்திங்ராயல் என்ற பெட்டை ஈன்ற பெண் குட்டியை எடுத்துக்கொண்டு, தி பிரைட் என்று பெயர் வைத்தார். அது நான்கு பந்தயங்களில் ஓடியது, ஒன்றிலும் வெல்லவில்லை. செனரிக்குக் கிடைத்த 'வயிற்றில் இருப்பது' அதே சம்திங்ராயலுக்கு, அதே போல்ட் ரூலருக்கு 1970 மார்ச் 30 அன்று பிறந்த செம்பழுப்பு ஆண் குட்டி. அதன் பெயர் செக்ரட்டேரியட். சென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டால் கோட்டைதான் ஞாபகம் வரும். வேறு பல பெயர்களைக் குதிரைப் பதிவேட்டுக்காரர்கள் நிராகரித்த பிறகு ஒப்புதல் கிடைத்த பெயர் அது.

ஒரே அப்பா, ஒரே அம்மா. ஒன்று ஒரு பந்தயம்கூட வெல்லாத அக்கா, மற்றது இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய பந்தயக் குதிரைகளில் ஒன்றான தம்பி. பந்தயக் குதிரை வளர்ப்பின் மொத்தப் புதிரும் இந்த இரண்டு குட்டிகளுக்குள் இருக்கிறது.

முதலில் தம்பி ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிடலாம். 1973 ஜூன் 9, நியூயார்க்கின் பெல்மான்ட் பந்தயம். தூரம் ஒன்றரை மைல், அதாவது 2,414 மீட்டர். எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 24 விநாடி. சராசரி வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் வருகிறது. இரண்டாவதாக வந்த குதிரை 31 குதிரை நீளம் பின்னால், அதாவது 70 மீட்டருக்கும் அப்பால். கென்டகி டெர்பி, ப்ரீக்னஸ், பெல்மான்ட் மூன்றையும் ஒரே ஆண்டில் வெல்வதைத்தான் மும்முடி என்கிறார்கள். 25 ஆண்டுகளாக யாருக்கும் கிட்டாத அது செக்ரட்டேரியட்டுக்குக் கிடைத்தது. என்னைக் கேட்டால், பெல்மான்ட்டைவிட அதற்கு முந்தைய மாதம் ஓடிய டெர்பிதான் விசித்திரம். அந்த 2,012 மீட்டரை ஐந்து கால் மைல்களாகப் பிரித்தால், ஒவ்வொரு கால் மைலையும் முந்தையதைவிடக் குறைந்த நேரத்தில் ஓடியிருக்கிறது. எந்தக் குதிரையும் கடைசியில் களைத்து வேகம் குறையும். இது ஏறிக்கொண்டே போனது.

அப்படி ஓட உடம்புக்குள் என்ன நடக்க வேண்டும்? நின்றுகொண்டிருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கும். முழு ஓட்டத்தில் 220ஐத் தாண்டும். கூடவே மண்ணீரல் வேலையைத் தொடங்குகிறது. ஓய்வில் இருக்கும்போது சிவப்பணுக்களை அது சேமித்து வைத்திருக்கும். ஓடத் தொடங்கியதும் சுருங்கி மொத்தத்தையும் இரத்தத்துக்குள் தள்ளிவிடும். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 40 சதவீதம் அளவிலிருந்து 60க்கு மேல் போய்விடும். விளையாட்டு வீரர்கள் ஊசி போட்டு மாட்டிக்கொள்கிற சமாச்சாரத்தைக் குதிரை பிறவியிலேயே சட்டபூர்வமாகச் செய்கிறது. மூச்சும் காலோடு கட்டுண்டது, ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு. பாய்ச்சல் நீளம் ஏழரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பெல்மான்ட் முழுவதும் செக்ரட்டேரியட் ஏறத்தாழ 320 முறைதான் மூச்சு விட்டிருக்கும்.

துடிப்பின் உச்ச வேகத்தைப் பயிற்சியால் கூட்ட முடியாது. ஆகவே ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தம் வெளியேறுகிறது என்பதே குதிரைக்குக் குதிரை உள்ள வித்தியாசம். அது இதயத்தின் அளவைப் பொறுத்தது. இந்த இதயத்துக்கு மறுபடி வருவோம்.

1973 ஜனவரியில் செனரியின் அப்பா இறந்துபோனார். வாரிசுச் சொத்துக்கான வரி தலைக்கு மேல் நின்றது. மும்முடிக்கு முன்பே, குதிரைக்கு மூன்று வயதாகி முதல் பந்தயம் ஓடுவதற்குள், செக்ரட்டேரியட்டின் எதிர்காலம் 32 பங்குகளாக விற்கப்பட்டது. பங்கு ஒன்றுக்கு 1,90,000 டாலர், மொத்தம் 60 லட்சத்து 80 ஆயிரம். ஒரு பங்கு வாங்கியவர் ஆண்டுக்கு ஒரு பெட்டையை அதனிடம் அனுப்பலாம். மூன்று வயது முடிந்ததும் ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு பருவங்களில் 21 பந்தயங்கள் ஓடி, 16 வென்று, அது சம்பாதித்தது சுமார் 13 லட்சம் டாலர். ஓடிச் சம்பாதித்ததைப் போல நாலரை மடங்கு, இனிமேல் பிறக்கப்போகும் குட்டிகளுக்காகக் கொட்டப்பட்டது. பந்தயம் என்பது மாப்பிள்ளைக்கான நேர்காணல் மாதிரிதான்.

கென்டகியின் கிளெய்போர்ன் பண்ணைக்குப் போனதும் முதல் சங்கடம். விந்தைச் சோதித்தால் முதிராத அணுக்கள் தெரிந்தன. பங்குதாரர்கள் கலங்கிப்போனார்கள். சோதனைக்காகச் சாதாரணப் பெட்டைகள் சிலவற்றோடு சேர்த்தார்கள். அவற்றில் லியோலா என்ற புள்ளிக்குதிரை சினையாகி 1974 இறுதியில் குட்டி போட்டது. கோடீஸ்வர மாப்பிள்ளையின் தலைமகன் பந்தயத்துக்கே தகுதியில்லாத கலப்புக் குட்டி.

தகுதியில்லை என்பதற்குக் காரணம் பதிவேடு. தரோபிரெட் என்ற இந்த இனத்தில் அப்பா அம்மா இருவரும் பதிவேட்டில் இருந்தால்தான் குட்டிக்கு இடம். இன்னொரு விதியும் உண்டு, சினை ஊசி கூடாது. நம் கிராமத்துப் பசுவுக்குக் கிடைக்கிற வசதி லட்சக்கணக்கான டாலர் குதிரைக்குக் கிடையாது, நேரடிச் சேர்க்கை மட்டுமே. ஊசியை அனுமதித்தால் ஒரே குதிரை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குட்டி தரும், விலையும் விழும், இனமும் குறுகிவிடும். பெட்டை தயாரா என்று பார்க்க முதலில் வேறொரு மலிவான ஆண் குதிரையைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அது கனைக்கும், உரசும், உதையும் வாங்கும். பெட்டை இசைந்தால் அதை விலக்கிவிட்டு விலை உயர்ந்தவரை அழைத்து வருவார்கள். உலகத்தில் இதைவிடப் பாவப்பட்ட உத்தியோகம் இருக்குமா தெரியவில்லை.

நாள்காட்டியோடும் மல்லுக்கட்ட வேண்டும். வட அரைக்கோளத்தில் எல்லாத் தரோபிரெட் குதிரைக்கும் பிறந்தநாள் ஜனவரி 1. மே மாதம் பிறந்தாலும் அடுத்த ஜனவரியில் ஒரு வயது முடிந்ததாகக் கணக்கு. ஆகவே ஆண்டின் தொடக்கத்தில் பிறக்கும் குட்டிக்கு ஆதாயம். ஆனால் பெட்டையின் உடம்பு பகல் நீளும்போதுதான் சினைக்குத் தயாராகும், கர்ப்பம் 11 மாதம். பண்ணைக்காரர்கள் டிசம்பரிலேயே லாயத்தில் விளக்குப் போட்டு, கோடை வந்துவிட்டது என்று அதன் மூளையை நம்பவைக்கிறார்கள்.

சரி, குட்டிகள் வந்தன. முதல் ஈட்டில் பிறந்த கனடியன் பவுண்ட் 1976 ஏலத்தில் 15 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு வயதுக் குட்டி பத்து லட்சத்தைத் தாண்டியது அதுவே முதல் முறை. அது ஒரு பந்தயம்கூட வெல்லவில்லை. அறுநூறுக்கும் மேற்பட்ட குட்டிகளில் நல்லவை இல்லாமல் இல்லை. ரிசன் ஸ்டார் 1988இல் ப்ரீக்னஸும் பெல்மான்ட்டும் வென்றது. கிங்ஸ்டன் ரூல் 1990இல் மெல்பர்ன் கோப்பையைச் சாதனை நேரத்தில் எடுத்தது. ஆனால் இன்னொரு செக்ரட்டேரியட் வரவில்லை. மகன்களில் யாரும் பெரிய பொலிகுதிரையாகவும் தேறவில்லை. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று கேட்டவர்களுக்கு, ஆகும் என்பதே மரபியல் சொல்கிற பதில்.

குதிரைக்கு 32 ஜோடிக் குரோமோசோம்கள். ஒவ்வொரு விந்தணுவும் ஜோடிக்கு ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. இப்படி மட்டுமே 429 கோடி விதமான சீட்டுகள் விழலாம். அப்பாவைச் சாதனையாளராக்கியது தனித்தனி மரபணுக்கள் அல்ல, அவை சேர்ந்து விழுந்த விதம். அந்தச் சேர்க்கை குட்டிக்குப் போவதற்குள் பாதியாகப் பிரிந்து, அம்மாவின் பாதியோடு கலந்து கலைந்துவிடுகிறது. தி பிரைட்டுக்கும் நடந்தது அதுதான், அதே சீட்டுக்கட்டு, வேறு கை. போதாததற்கு, ஒரு குதிரை வாழ்நாளில் ஜெயிக்கும் பணத்தில் காணும் வேறுபாட்டில் மரபணுவின் பங்கு ஏறத்தாழ 10 சதவீதம்தான் என்று எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2008இல் கணக்கிட்டது. பொலிக் கட்டணம் நல்ல மரபணுவுக்கு நம்பத்தகுந்த அளவுகோல் அல்ல என்றும் அது சொன்னது. மிச்சமெல்லாம் தீனி, பயிற்சியாளர், ஜாக்கி, தரை, அதிர்ஷ்டம்.

இதற்குள் மகள்கள் பக்கம் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. டெர்லிங்குவா என்ற மகளுக்கு ஸ்டார்ம் கேட் பிறந்தது. வீக்எண்ட் சர்ப்ரைஸ் என்ற மகளுக்கு ஏ.பி. இண்டி, சீக்ரட்டேம் என்ற மகளுக்கு கான் வெஸ்ட். மூன்றும் பொலிகுதிரைகளாகப் பெரும்பெயர் எடுத்தன. ஸ்டார்ம் கேட்டின் கட்டணம் உச்சத்தில் ஒரு சேர்க்கைக்கு 5 லட்சம் டாலர். தாத்தாவின் முழுப் பங்கே அதில் பாதிகூட இல்லை. 1992இல் அமெரிக்காவில் தாய்வழித் தாத்தாக்களின் பட்டியலில் செக்ரட்டேரியட் முதலிடத்தில் இருந்தது.

ஏன் மகள்கள்? இங்கேதான் இதயம் வருகிறது. 1989இல் குளம்புக்கும் உள்ளே உள்ள எலும்புக்கும் நடுவேயுள்ள பிணைப்புத் திசு வீங்கி, தாளமுடியாத வலியில் இருந்த செக்ரட்டேரியட்டை அக்டோபர் 4 அன்று கருணைக்கொலை செய்தார்கள். உடலைப் பரிசோதித்த கால்நடை மருத்துவர் தாமஸ் ஸ்வெர்செக் அந்த இதயத்தைப் பார்த்து அசந்துபோனார், எடை போடவில்லை. சில ஆண்டுகள் கழித்து, டெர்பியில் இரண்டாவதாக வந்த ஷாம் இறந்தபோது அதன் இதயத்தை நிறுத்துப் பார்த்தார், 8 கிலோ. அதோடு ஒப்பிட்டு, செக்ரட்டேரியட்டுடையது 10 கிலோ இருந்திருக்கும் என்றார். சராசரி 4 கிலோ.

இதிலிருந்து ஒரு கருத்து கிளம்பியது: பெரிய இதயத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறதாம். ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ். அது மகள்கள் அத்தனை பேருக்கும் போகும், மகன் ஒருவனுக்கும் போகாது. தாயைப் போல பிள்ளை என்று வைத்திருக்கிறோமே, அதற்கு அறிவியல் சான்று கிடைத்த மாதிரி இருக்கிறது. அழகான கதை, ஆனால் அப்படி ஒரு மரபணுவை யாரும் காட்டவில்லை.

எனக்கு அலுப்பான காரணமே சரியாகப் படுகிறது. ஆண் குட்டிகளில் அபாரமாக ஓடிய ஒன்றிரண்டுக்குத்தான் பொலிக்கு வாய்ப்பு. மற்றவற்றில் பலவற்றைக் காயடித்துவிடுவார்கள். பெண் குட்டி சுமாராக ஓடினாலும் பண்ணைக்குத் திரும்பிக் குட்டி போடும். செக்ரட்டேரியட்டின் மரபணுக்கள் மகன்கள் வழியே சில முறையும், மகள்கள் வழியே நூற்றுக்கணக்கான முறையும் பரிசோதிக்கப்பட்டன. அந்த மகள்களின் அம்மாக்களும் பொறுக்கி எடுத்தவை, அவர்களுக்குக் கிடைத்த ஆண்களும் முதல்தரம்.

எக்ஸ் கதையைச் சோதிக்க வம்சாவளியே போதும். 2015இல் மும்முடி வென்ற அமெரிக்கன் ஃபேரோவின் தாய்வழித் தாத்தா யாங்கி ஜென்டில்மேன், ஸ்டார்ம் கேட்டின் மகன். 2018இல் வென்ற ஜஸ்டிஃபை ஆண்வழியில் ஸ்டார்ம் கேட்டின் இன்னொரு மகனான ஹென்னஸியின் வழித்தோன்றல். செக்ரட்டேரியட்டின் எக்ஸ் டெர்லிங்குவா வழியாக ஸ்டார்ம் கேட்டுக்கு வந்திருந்தாலும், அதன் மகன்களில் எதற்கும் அது இறங்கியிருக்காது. இந்த வழியில் இரண்டு மும்முடிக் குதிரைகளுக்கும் செக்ரட்டேரியட்டிடமிருந்து வந்தது எதுவாக இருந்தாலும், அந்தக் குரோமோசோமில் வரவில்லை.