அமாவாசைக்கு அமாவாசை நின்றுபோகும் விளையாட்டு

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். மகனுக்குக் கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றைப் பணம் கட்டி வாங்கியிருக்கிறார். ரசீதும் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் இணைய இணைப்பு கிடையாது. பாளையங்கோட்டையில் மைத்துனர் வீட்டுக்குக் கணினியைத் தூக்கிப் போய் விளையாட்டை இறக்கிக்கொண்டு வந்தார். முதல் நாள் மொட்டைமாடியில் சிக்னல் கிடைக்கும் மூலையில் போனை வைத்து இணைத்து, விளையாட்டைப் பதிவு செய்தாயிற்று. அதன் பிறகு இணையமே இல்லாமல் நன்றாக ஓடியது. ஒரு நாள் 'உங்கள் உரிமத்தைச் சரிபார்க்க இயலவில்லை, இணையத்துடன் இணைக்கவும்' என்று சொல்லி நின்றுவிட்டது. போனை மாடிக்குக் கொண்டுபோனதும் சரியாகிவிட்டது. அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை. "அமாவாசைக்கு அமாவாசை நிற்கிறது, திருஷ்டி கழி என்கிறார் என் அம்மா. காசு கொடுத்து வாங்கிய பொருளை என் வீட்டில் வைத்துப் பயன்படுத்த எதற்காக இணையம்?" என்று கேட்கிறார்.

அந்த அம்மாவின் கண் கூர்மையானது. மாதம் ஒருமுறை நிற்கிறது என்பதைக் கவனித்துச் சொன்னவர் அவர்தான், காரணத்தில்தான் பிசகு. ஓர் அமாவாசைக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 29.53 நாட்கள். இந்த விளையாட்டின் அனுமதி 30 நாட்களுக்கு என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு அரை நாள் போலத் தள்ளிப்போகும். நின்ற அன்றே புதுப்பித்துக்கொண்டு வந்தால், பன்னிரண்டு சுற்று முடியும்போது ஏறக்குறைய ஐந்தரை நாள் வித்தியாசம் வந்துவிடும். வளர்பிறை சஷ்டியை ஒட்டி நிற்கும். எலுமிச்சம்பழம் வாங்கும் செலவில் ஒரு நாட்காட்டியில் தேதியைக் குறித்து வந்தாலே சந்திரன் நிரபராதி என்று தெரிந்துவிடும். ஆயுத பூஜைக்குக் கணினிக்குச் சந்தனம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மதர்போர்டின் மேல் வைக்காதவரை.

சரி, அது என்ன அனுமதி?

விளையாட்டை முதன்முறை திறக்கும்போது நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணினியின் சில அடையாளங்களை, அதாவது மதர்போர்டின் வரிசை எண், வட்டின் எண், நெட்வொர்க் கார்டின் முகவரி போன்றவற்றை, விளையாட்டு சேகரித்து ஒன்றாக அரைத்து ஒரே எண்ணாக்குகிறது. அந்த எண்ணும் நீங்கள் வாங்கிய உரிம எண்ணும் நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றன. சர்வர் தன் கணக்கேட்டைப் பார்க்கிறது: இந்த உரிமம் உண்மையா, இதற்குமுன் எத்தனை கணினிகளில் பதிவாகியிருக்கிறது? எல்லாம் சரி என்றால் ஒரு டோக்கனை, அதாவது அனுமதிச் சீட்டை, கையெழுத்திட்டு அனுப்புகிறது. அது உங்கள் வட்டில் சிறு கோப்பாக உட்கார்ந்துகொள்கிறது. மறுநாள் முதல் விளையாட்டு அந்தக் கோப்பைத்தான் பார்க்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் பஸ் பாஸில் போட்டோ ஒட்டியிருப்பது போல, டோக்கனில் உங்கள் கணினியின் அடையாள எண் ஒட்டியிருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் நகல் எடுத்துக்கொண்டாலும் முகம் பொருந்தாது.

ஆனால் கோப்பு உங்கள் வட்டில்தானே இருக்கிறது? எண்ணைத் திருத்திவிட்டால்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் மட்டு எண்கணிதம் இருக்கிறது. வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் கணக்கு. 3, 11 என்ற இரு பகா எண்களை நிறுவனம் தேர்ந்தெடுக்கிறது. பெருக்கினால் 33. இந்த 33-ஐயும் 3 என்ற அடுக்கையும் விளையாட்டுக்குள்ளேயே எழுதி ஊருக்கெல்லாம் கொடுத்துவிடுகிறது. 7 என்ற இன்னோர் எண்ணைத் தன் சர்வரிலேயே பூட்டி வைத்துக்கொள்கிறது. உங்கள் கணினியின் அடையாள எண் 4 என்று வைத்துக்கொள்வோம். சர்வர் ஏழு 4-களை ஒன்றோடொன்று பெருக்குகிறது: 16,384. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 16. இந்த 16-தான் கையெழுத்து.

இப்போது மலையடிவாரத்து வீட்டில், இணையம் இல்லாமல், விளையாட்டு என்ன செய்கிறது? மூன்று 16-களை ஒன்றோடொன்று பெருக்குகிறது: 4,096. 33-ஆல் வகுத்தால் மீதி 4. கணினியைக் கேட்டால் அதன் அடையாளமும் 4. கதவு திறக்கிறது. யாரையும் போனில் கூப்பிட வேண்டியதில்லை. அடுத்த வீட்டுக் கணினியின் எண் 5. அதே 16-ஐ அங்கே கொண்டுபோனால் கணக்கு 4 என்றுதான் சொல்லும், பொருந்தாது. அவர் சாமர்த்தியமாக 16-ஐ 17 ஆக்கிப் பார்க்கட்டும்: 17-இன் மும்மடி 4,913, மீதி 29. கிட்டத்தில்கூட வரவில்லை. ஒன்று கூட்டியதற்கு 4 எங்கே, 29 எங்கே! இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிலிர்ப்பு வரும்.

பொடி எண்களானதால் அடுத்த வீட்டுக்காரர் 1 முதல் 32 வரை போட்டுப் பார்த்து, 14 தனக்குப் பொருந்தும் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அல்லது 33 என்பது 3 × 11 என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒன்று கழித்துப் பெருக்கி (2 × 10 = 20), 3-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் எண் எது என்று பார்ப்பார். 3 × 7 = 21. ரகசிய எண் 7 வெளியே வந்துவிட்டது. பூட்டு முழுவதும் இந்த ஒரே ஆணியில்தான் தொங்குகிறது: பெருக்கியவரைத் தவிர வேறு யாராலும் காரணிகளைப் பிரிக்க முடியக்கூடாது. அதனால் நடைமுறையில் 33 இருக்கும் இடத்தில் 617 இலக்க எண் ஒன்று இருக்கும். 250 இலக்க எண் ஒன்றை 2020-இல் ஆராய்ச்சியாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். கணினிச் சில்லில் கணக்குப் போடும் பகுதியான கரு (கோர்) ஒன்றை மட்டும் வைத்துச் செய்திருந்தால் ஏறத்தாழ 2,700 ஆண்டு பிடிக்கும் வேலை அது. ராமானுஜனின் பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்தில் தொடங்கியிருந்தாலும் முடிந்திருக்காது.

ரிவெஸ்ட், ஷமீர், ஆடல்மேன் என்ற மூவர் 1977-இல் கண்ட முறை இது. பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்த கிளிஃபர்ட் காக்ஸ் 1973-லேயே கண்டுபிடித்துவிட்டார். அரசு ரகசியம் என்று மூடி வைத்துவிட்டார்கள். இந்த வரலாற்றில் நம் பங்கும் கொஞ்சம் உண்டு. ஓர் எண் பகா எண்தானா என்று உறுதியாகவும் வேகமாகவும் சொல்லும் வழி உண்டு என்பதை 2002-இல் முதன்முதலாக நிரூபித்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா. பின்னிருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த பையன்கள். அதற்குத் தேவைப்பட்ட கருவி கரும்பலகை. நம் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி நிதி என்றதும் கட்டடமும் திறப்பு விழாவும்தான் நினைவுக்கு வருகின்றன. கணக்குத் துறைக்கு நாலு நல்ல பையன்களுக்கு மாதாமாதம் தவறாமல் உதவித்தொகை கொடுக்கச் சொன்னால் கோப்பு நகர மாட்டேன் என்கிறது. இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை.

கையெழுத்தைச் சோதிக்க இணையம் வேண்டாம் என்பதற்கு உங்கள் சட்டைப்பையிலேயே சான்று இருக்கிறது. ஆதார் அட்டையின் க்யூஆர் கட்டத்துக்குள் உங்கள் விவரங்களோடு இதே குடும்பத்துக் கையெழுத்து ஒன்றும் இருக்கிறது. சிக்னலே இல்லாத இடத்திலும் அதற்குரிய செயலி அதை உண்மையா போலியா என்று சொல்லிவிடும். நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் அடையாளத்துக்குப் போதுமான கணக்கு, ஒரு கார்ப் பந்தயத்துக்குப் போதாதா?

போதும். மாதம் ஒருமுறை கூப்பிடச் சொல்வது கணக்கின் தேவையால் அல்ல, வியாபாரத்தின் தேவையால். கையெழுத்தால் செய்ய முடியாதவை இரண்டு உண்டு. கொடுத்த டோக்கனைத் திரும்பப் பெற வழியில்லை. விளையாட்டு வாங்கிய கணக்கை (அக்கவுண்டை) விற்றுவிட்டாலோ பணத்தைத் திருப்பி வாங்கிவிட்டாலோ பழைய டோக்கன் அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் டோக்கனுக்குள் ஒரு காலாவதித் தேதியையும் சேர்த்துக் கையெழுத்திட்டு விடுகிறார்கள். இன்னொன்று, காவல்காரனும் பூட்டும் சாவித் துவாரமும் எல்லாமே உங்கள் கணினிக்குள்தான் இருக்கின்றன. கணக்கை உடைக்க முடியாது. 'பொருந்தாவிட்டால் நில்' என்ற ஒரு கட்டளையைத் திருத்திவிட முடியும். திருட்டுப் பதிப்புகள் செய்வது அதைத்தான். ஆக, அடிக்கடி கூப்பிடச் சொல்லும் தொல்லை காசு கொடுத்தவருக்கு மட்டுமே, திருடியவருக்கு இல்லை. இந்த அநியாயத்தைச் சொல்லிக்காட்ட நான் தயங்குவதில்லை.

எப்போதும் இணைப்பில் இருந்தாக வேண்டும் என்ற விதி 2013-இல் சிம்சிட்டி விளையாட்டுக்கு வந்தபோது சர்வர்கள் கூட்டம் தாங்காமல் திணறி, வாங்கியவர்கள் நாட்கணக்கில் வாசலில் நின்றார்கள். மறு ஆண்டு அதே நிறுவனம் இணையமில்லாமல் ஆடும் வசதியைச் சேர்த்தது. 2024 மார்ச் முடிவில் 'தி க்ரூ' என்ற கார் விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களிடம் இருந்த பிரதியும் அத்தோடு ஓடாமல் போனது. நமக்கு 2023 டிசம்பர் வெள்ளம் மறந்திருக்காது. தாமிரபரணிக் கரையில் பல ஊர்களில் மின்சாரமும் சிக்னலும் ஒருசேரப் போயின. அந்த நிலையில் விளையாட்டு அற்ப விஷயம்தான். ஆனால் இதே முறையில் உரிமம் சரிபார்க்கும் கணக்குப்பதிவு மென்பொருளை வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரருக்கு அது அற்பமாக இருக்காது.

காலாவதித் தேதி என்று சொன்னேன் அல்லவா? தேதியை விளையாட்டு யாரிடம் கேட்கிறது? மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போலச் செருகியிருக்கும் வெள்ளி நிற வட்டப் பேட்டரியிடம். சி.ஆர். 2032 என்று அதன் முகத்தில் பொறித்திருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். மின்சாரம் இல்லாதபோது கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். நாலைந்து ஆண்டில் அது செத்துவிட்டால், மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பழைய ஆண்டு ஒன்றுக்குப் போய் நிற்கும். போன வாரம் எந்தத் தேதியில் ஓடினோம் என்று விளையாட்டு குறித்து வைத்திருக்கும். இன்று தேதி பின்னால் போயிருப்பதைப் பார்த்ததும், ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடும். இணையத்தில் இணைத்தாலும் பலிக்காமல் போகலாம். சர்வர் தான் யார் என்று காட்டும் சான்றிதழுக்கும் செல்லுபடியாகும் தேதி உண்டு, பழைய ஆண்டில் வாழும் கணினிக்கு அது செல்லாது. சின்னக் கைக்கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும் பேட்டரிக்காக விளையாட்டு நிறுவனத்தோடு சண்டை போட்டவர்கள் உண்டு.

வாசகருக்கு இனி வழி. ஸ்டீம் போன்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கியதானால், இணைப்பு இருக்கும்போதே புதுப்பிப்புகளை முழுவதும் இறக்கிவிட்டு, விளையாட்டை ஒருமுறை திறந்து மூடி, அதன்பின் இணையமில்லா நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பாதி இறங்கிய புதுப்பிப்போடு வீட்டுக்கு வந்தால் அது அங்கேயே முரண்டு பிடிக்கும். வாங்குமுன் கடைப் பக்கத்தின் ஓரத்தில், வேறு நிறுவனத்தின் கணக்கோ காப்புமுறையோ தேவை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மாதாமாதம் மாடிப்படி ஏற வைப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது கணக்குதான். ஜி.ஓ.ஜி. என்ற கடை 2008 முதல் இந்தப் பூட்டே இல்லாமல் விற்கிறது. நிறுவும் கோப்பைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு எங்கும் ஓட்டலாம். சில மென்பொருள்கள் வேண்டுகோள் கோப்பு ஒன்றை எழுதித் தரும். அதை இணையம் உள்ள வேறு கணினியில் ஏற்றி, பதில் கோப்பைத் திரும்பக் கொண்டுவரலாம். விண்டோஸை ஒரு காலத்தில் தொலைபேசியில் எண்களை ஒப்பித்தே பதிவு செய்தோம். கையெழுத்து கம்பியில் வந்தால் என்ன, வாயால் வந்தால் என்ன?

பூட்டை உடைக்கும் கோப்பை யாராவது தந்தால் வேண்டாம் என்பேன். முதல் காரணம், அத்துடன் வேறென்ன வருகிறது என்று தெரியாது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாக வாங்கியவர் காப்புப் பிரதி எடுக்க அனுமதிக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் வாசகருக்கு வக்கீல் வேலை என்னால் பார்க்க முடியாது. கலிஃபோர்னியாவில் 2025 முதல், விற்பது பொருளை அல்ல, உரிமத்தை மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று பொத்தானில் எழுதக்கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது. இணையமில்லாமல் நிரந்தரமாக ஓடும்படி இறக்கித் தருபவர்களுக்கு அதில் விலக்கு. இங்கேயும் அப்படியொன்று வந்தால் நல்லது.

கடிதத்தின் கடைசியில், இடிமழையில் மதர்போர்டு போய் மாற்றினால் உரிமமும் போய்விடுமா என்று கேட்டிருக்கிறார். அடையாள எண் மாறிவிடும். பழைய டோக்கன் பொருந்தாது. ரசீதும் கணக்கின் கடவுச்சொல்லும் இருந்தால் மறுபடி பதிவு செய்துகொள்ளலாம். சில நிறுவனங்கள் இத்தனை கணினிகள்தான் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அப்படியானால், பழுது பார்க்கக் கொடுக்குமுன் கணினி உயிரோடு இருந்தால், பழைய பதிவை நீக்கும் வசதி அமைப்புப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிட்டுக் கொடுங்கள்.