எறும்பமிலம்: சொல்லும் பொருளும்

'ஃபார்மிக் அமிலம்' என்று நாம் வழங்கும் பெயரின் முற்பகுதி, எறும்பைக் குறிக்கும் 'ஃபார்மிகா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஏராளமான எறும்புகளைக் காய்ச்சி வடித்து ஒரு புளிப்பு நீர்மம் பெறப்பட்டதை ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஜான் ரே 1671இல் விவரித்தார். 1855இல் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ இதைக் கார்பன் மோனாக்சைடிலிருந்தே உருவாக்கிக் காட்டினார். அதன்பின் எறும்புக்கு வேலையில்லை என்றாலும் பெயரில் அது நிலைத்துவிட்டது. ஃபார்மால்டிஹைடு, குளோரோஃபார்ம் ஆகிய பெயர்களிலும் இதே வேர்தான் உள்ளது. (மேசைப் பலகைகளின் மேல் ஒட்டப்படும் ஃபார்மைக்காவுக்கும் எறும்புக்கும் தொடர்பில்லை, மைக்காவுக்கு மாற்று என்ற பொருளில் பிறந்த வணிகப் பெயர் அது.)

தமிழில் 'எறும்பமிலம்' என்பதே பொருந்தும் சொல். 'அமிலம்' என்ற சொல்லையும் விலக்கி 'எறும்புக்காடி' என எழுதலாம். ஆனால் காடி என்றதும் வினிகர் நினைவுக்கு வருவதால், அசெட்டிக் அமிலத்தோடு குழப்பம் நேரும். மூலக்கூறின் அமைப்பை விளக்கும் இடத்தில் 'மெத்தனாயிக் அமிலம்' என்ற முறைப்பெயரே தெளிவானது. ஒற்றைக் கார்பன் கொண்டது என்பதை அது சொல்லிவிடுகிறது.

கார்பாக்சில் (-COOH) தொகுதி கொண்ட கார்பாக்சிலிக் அமிலங்களில் மிகச் சிறியதான இது நிறமற்றது, நெடியுடையது, தோலைப் புண்ணாக்குவது. அசெட்டிக் அமிலத்தைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வலிமையானது. இதன் கார்பாக்சில் கார்பனோடு ஹைட்ரஜன் நேரடியாக இணைந்திருப்பதால் ஆல்டிஹைடைப் போல ஒடுக்கும் பண்பும், அதாவது பிற பொருள்களுக்கு எலக்ட்ரான் தரும் பண்பும், உண்டு. எனவேதான் அசெட்டிக் அமிலம் தராத வெள்ளி ஆடிச் சோதனையை (கரைசலிலுள்ள வெள்ளி, குழாயின் உட்சுவரில் கண்ணாடிபோல் படிவது) இது தருகிறது. கொதிநிலை 100.8 டிகிரி செல்சியஸ், அதாவது நீரின் கொதிநிலையை ஒட்டியது. போதாக்குறைக்கு நீருடன் கொதிநிலை மாறாக் கலவையாகவும் (இரண்டும் ஒரே வெப்பநிலையில் சேர்ந்தே ஆவியாகும் கலவை) சேர்ந்துகொள்வதால், சாதாரணமாக வடித்து நீரை முற்றிலும் நீக்க முடியாது. மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் இணைத்துப் பெறும் மெத்தில் ஃபார்மேட்டை நீராற்பகுத்து (நீருடன் வினைபுரியச் செய்து பிரித்து) எறும்பமிலத்தைத் தயாரிக்கும் ஆலைகளுக்கு இது பெரிய தலைவலி.

பயன்களில் ரப்பர்த் தொழிலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர்த் துகள்கள் எதிர்மின்சுமை கொண்ட புரத உறையால் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. நீர்த்த எறும்பமிலத்தை ஊற்றிக் கலக்கும்போது அந்தச் சுமை நடுநிலையாகி, துகள்கள் ஒட்டிச் சேர்ந்து வெண்ணிறக் கட்டியாகத் திரள்கின்றன. அதை உருளைகளுக்கிடையே நசுக்கித் தாளாக்குகிறார்கள். கந்தக அமிலம் மலிவானது என்றாலும் தாளில் தங்கி ரப்பரைக் கெடுக்கும். தோல் பதனிடுதலிலும் சாயம் பற்றவைப்பதிலும் இவ்வமிலம் பயன்படுகிறது. கால்நடைகளுக்காகச் சேமிக்கும் பசுந்தீவனம் அழுகாமல் காக்கவும் இதைச் சேர்ப்பதுண்டு.

செறிந்த எறும்பமிலம் சேமிப்பில் மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடை வெளியிடும் என்பதால், அழுத்தம் வெளியேறும்படி அமைந்த மூடியுள்ள கலங்களில், காற்றோட்டமான இடத்தில் அதை வைக்க வேண்டும்.