எரர் வரவில்லை என்றால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை

இந்த மாதமும் இப்படி ஒரு கேஸ் வந்துவிட்டது. மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடை. பல வருஷமாக எக்செல்லில் வைத்திருந்த பாக்கிக் கணக்கை, ஆள் வைத்து எழுதி வாங்கிய பில்லிங் சாஃப்ட்வேருக்கு மாற்றியிருக்கிறார்கள். 1,25,000 ரூபாய் தரவேண்டியவர் கணக்கில் 1 ரூபாய் நிற்கிறது, 48,500 இருந்த இடத்தில் 48. ஆயிரத்துக்குக் கீழே இருந்த சில்லறைப் பாக்கிகள் மட்டும் அப்படியே சரியாக இருந்ததால் முதலில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வசூலுக்குப் போன பையன் திருமங்கலத்தில் ஒரு கடையில் போய் நின்ற பிறகுதான் கணக்குப்பிள்ளை பழைய தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்.

எழுதிக் கொடுத்த தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டால், "அண்ணே, எரர் எதுவும் வரலையே, நல்லாத்தானே ஓடுச்சு" என்கிறார்.

எரர் வந்திருக்கிறது. கோட் வரலாற்றைத் திறந்து பார்த்தேன். கோப்பின் முதல் வரியில் ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் (மதிப்பின் வகை மாறினால் ஏற்காதே என்ற கட்டளை) போட்டிருக்கிறது, ஃபங்ஷன் தொகையை இன்ட், அதாவது முழு எண் என்று கேட்கிறது, எக்செல்லிலிருந்து வந்ததோ ஸ்ட்ரிங், அதாவது கமாவோடு கூடிய வெறும் எழுத்துத் தொடர். சாஃப்ட்வேர் எழுதிய மொழியான பிஎச்பி ஒழுங்காக டைப் எரர் (வகை தப்பு என்ற பிழை) கொடுத்து நிறுத்தியிருக்கிறது. மறுநாளே அந்தத் தம்பி அந்த இடத்தில் ஒரு இன்ட் காஸ்ட் (எதுவானாலும் முழு எண்ணாக மாற்று என்ற கட்டளை) போட்டு வாயை அடைத்திருக்கிறார். காஸ்ட் போட்டால் முதல் கமா வரைதான் எண், மீதி போய்விடும், ஒரு வார்னிங்கூட வராது. மொழி கையைப் பிடித்துச் சொன்னதை இவர் தட்டிவிட்டிருக்கிறார்.

இதைப் பேசும்போதெல்லாம் எனக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "கறாரா வச்சா கஸ்டமர் முன்னாடி ப்ரோக்ராம் நின்னுடும் சார், அது அசிங்கம்." இந்த நினைப்புதான் இத்தனை கேஸுக்கும் வேர். ப்ரோக்ராம் நின்றால் என்ன ஆகும்? திரையில் சிவப்பாக ஒரு வரி வரும், கடைக்காரர் போன் செய்வார், நீங்கள் சரிசெய்வீர்கள், அரை நாள் போகும். நிற்காமல் தப்பாக ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தப்பான தொகை டேட்டாபேஸில் உட்காரும், அதன்மேல் அடுத்த நாள் பில் ஏறும், வரவு ஏறும், பேக்கப்பிலும் அதே தப்பு போகும். ஒரு மாதம் கழித்துத் தெரியும்போது எது அசல், எது கெட்டது என்று பிரிக்க வழியிருக்காது. தராசு ஆன் ஆகவில்லை என்றால் மண்டிக்காரர் வேறு தராசு கொண்டுவருவார். கிலோவுக்கு நூறு கிராம் குறைத்துக் காட்டினால், அவர் அதை நம்பி நாள் முழுக்க நிறுத்துக்கொண்டே இருப்பார். எது அசிங்கம்?

"நாங்க சின்ன கடைக்குத்தானே எழுதுறோம், டைப் எல்லாம் பெரிய கம்பெனிக்கு" என்பதும் இதே நினைப்பின் இன்னொரு பக்கம். பெரிய கம்பெனியில் டெஸ்ட் செய்யத் தனி ஆள் இருக்கிறார். சின்னக் கடையில் உங்களைத் தவிர யாரும் இல்லை, அங்கேதான் மொழியின் காவல் அதிகம் வேண்டும்.

சரி, மொழி இன்னும் கறாராக மாறவேண்டுமா? மாறவேண்டும் என்றுதான் சொல்வேன். 2015-இல் பிஎச்பி 7 வந்தபோது கறார் வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு தரப்புக்கும் நடுவே ஒரு சமாதானம் செய்தார்கள்: வேண்டுமென்கிற கோப்பில் மட்டும் ஒரு வரி போட்டுக்கொள், போடாத கோப்பு பழையபடி இளகியே இருக்கும். பழைய கோட் உலகம் முழுக்கக் கிடந்தது, அன்றைக்கு அது நியாயம். ஆனால் அதே வருஷம் மைஎஸ்க்யூஎல் 5.7 என்ற டேட்டாபேஸ், தப்பான மதிப்பை ஏற்காமல் எரர் கொடுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடையே இயல்பான நிலையாக வைத்துவிட்டது. அதற்கு முன்பு இன்ட் என்று வைத்த பத்தியில் (column) பத்து இலக்க மொபைல் எண்ணைப் போட்டால் எரர் கொடுக்காமல், இன்ட் தாங்கும் உச்ச எண்ணான 2147483647 என்று வெட்டி வைத்துக்கொள்ளும். ஒரு கிளினிக்கில் பாதி நோயாளிகளுக்கு இதே எண்ணைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர் எஸ்டிடி கோடு 0452-இல் முன்னாலிருக்கும் சைபரும் அங்கே காணாமல் போயிருந்தது, அதை ஸ்ட்ரிக்ட் மோடும் காப்பாற்றாது. போன் நம்பரைக் கூட்டப்போவதில்லை, அது ஸ்ட்ரிங்காகத்தான் இருக்கவேண்டும். 2020-இல் பிஎச்பி 8 வந்து, சைபரும் ஏதோ ஒரு எழுத்தும் சமம் என்று சொல்லும் பழைய பழக்கத்தை நிறுத்தியது. அதற்கும் பழைய கோட் உடைந்தது, திருத்தினோம், முடிந்தது.

இன்னும் மிச்சம் இருக்கிறது. இரட்டைச் சமக்குறி போட்டால் '5இ2' என்ற ஸ்ட்ரிங்கும் '500' என்ற ஸ்ட்ரிங்கும் இன்றைக்கும் சமம்தான் (அந்த 'இ' ஆங்கில எழுத்து, அதைப் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொள்கிறது). விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடையில் டிசைன் நம்பர் இப்படித்தான் இருக்கும், இரண்டு சேலையின் ஸ்டாக் ஒன்றாகிவிடும். ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் வரி இதைத் தொடவே தொடாது, பலருக்கு இது தெரியவில்லை. மதிப்பை இழக்கும் காஸ்ட் சத்தமில்லாமல் போவதும் நிற்கவேண்டும். தசமத்தை வெட்டி இன்ட் ஆக்கும் மறைமுக மாற்றத்துக்கு பிஎச்பி 8.1-இலிருந்து எச்சரிக்கை வருகிறதே, நாமே கைப்பட எழுதும் காஸ்டுக்கும் அதே கவனிப்பு வேண்டும்.

பைதான் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. டைப் ஹின்ட் (இது இன்ன வகை மதிப்பு என்ற குறிப்பு) எழுதிவிட்டால் பைதான் தானாகச் சரிபார்க்கும் என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். ஓடும்போது அது கண்டுகொள்ளாது, மைபை (mypy) போன்ற சரிபார்க்கும் கருவியை நீங்கள்தான் ஓட்டவேண்டும்.

மொழி மாறும்வரை நீங்கள் மாறுங்கள். புதுக் கோப்பு எதுவும் ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் வரி இல்லாமல் தொடங்கக் கூடாது. ஒப்பிட மூன்று சமக்குறி, அது வகையையும் சேர்த்துப் பார்க்கும். ஃபார்மிலிருந்தும் எக்செல்லிலிருந்தும் வருவது ஸ்ட்ரிங் என்றே வைத்துக்கொண்டு, உள்ளே நுழையும் இடத்திலேயே கமாவை எடுத்து, பிஎச்பியிலேயே இருக்கும் ஃபில்டர் வார் (filter_var) ஃபங்ஷன் கொண்டு சோதித்து, எண் இல்லையென்றால் அந்த வரியைத் திருப்பி அனுப்புங்கள். டைப் எரர் வந்தால் தயவுசெய்து காஸ்ட் போட்டு அமுக்காதீர்கள், அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று ஐந்து நிமிஷம் தேடுங்கள். பழைய கோட் மலை மாதிரி கிடந்தால் கோடை ஓட்டாமலே பிழை தேடும் பிஎச்பிஸ்டான் (PHPStan) கருவியை எடுத்து, இருக்கிற பிழைகளை பேஸ்லைன் என்ற பட்டியலில் ஒதுக்கிவிட்டு, புதிதாக வருவதையாவது தடுங்கள். மைஎஸ்க்யூஎல் ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்து வைக்கிற ஹோஸ்டிங் ஆட்களே, அதைத் திருப்பிப் போடுங்கள்.

கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகளுக்கும் ஒன்று சொல்கிறேன், இதற்கு கம்ப்யூட்டர் தெரியவேண்டியதில்லை. கணக்கை மாற்றின அன்றைக்கே பழைய பாக்கி மொத்தத்தையும் புதிய பாக்கி மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துவந்த பிறகு கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.