ஸ்வெத்லானா: பொருளும் பிறப்பும்

ரஷ்ய மொழியில் 'ஸ்வெத்' என்றால் ஒளி. அதிலிருந்து வரும் பெயரடை 'ஸ்வெத்லிய்', அதாவது ஒளியுள்ள, தெளிந்த. இதன் பகுதியோடு 'ஆனா' என்ற பெண்பால் ஈறு சேர, ஸ்வெத்லானா ஆயிற்று. ஒளி பொருந்தியவள் என்று பொருள். செல்லமாக அழைத்தால் ஸ்வெத்தா, ஸ்வெத்தச்கா.

கேட்பதற்குப் பழைய ஸ்லாவியப் பெயர் போலிருக்கும். உண்மையில் இது கவிஞர்கள் கட்டிய பெயர். அலெக்சாந்தர் வஸ்தோக்கவ் 1802இல் எழுதிய கதைப்பாடலில் முதலில் தலைகாட்டியது. ஊரறியச் செய்தது 1813இல் வெளியான வசீலி ழுக்கோவ்ஸ்கியின் 'ஸ்வெத்லானா'. அதன் நாயகி, திருமுழுக்குத் திருநாளை ஒட்டிய இரவில் மெழுகுவத்தி ஏற்றிக் கண்ணாடி முன் அமர்ந்து, வரப்போகும் கணவனைக் குறி பார்க்கிறாள்.

பெயர் பிடித்திருந்தும் அன்று குழந்தைக்கு வைக்க வழியில்லை. ரஷ்யத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் உள்ள பெயரைத்தான் ஞானஸ்நானத்தில் இட முடிந்தது; அதில் ஸ்வெத்லானா இல்லை. கப்பலுக்கு மட்டும் தடையில்லை, 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு ரஷ்யப் போர்க்கப்பல் இப்பெயரைத் தாங்கியது. 1917க்குப் பின் பிறப்புப் பதிவு அரசின் கைக்கு வந்ததும் கதவு திறந்தது. 1926இல் பிறந்த ஸ்டாலினின் மகளும் ஸ்வெத்லானாதான். திருச்சபை வழக்கில் இதற்கு இணை ஃபொத்தினியா. ஒளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'ஃபோஸ்' அடியாகப் பிறந்தது.

நம் ஊர் சுவேதாவுக்கும் இதற்கும் உறவு உண்டா? உண்டு. சமஸ்கிருத 'ஸ்வேத'வும் ஸ்லாவிய 'ஸ்வெத்'தும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள். ஒன்று மற்றொன்றிடம் கடன் வாங்கியதல்ல; அங்கே ஒளி என்றும் இங்கே வெண்மை என்றும் பொருள் பிரிந்தது. ஆகவே சுவேதாவுக்கான வெண்ணிலா போன்ற தமிழ்ப் பெயர்களை ஸ்வெத்லானாவுக்குச் சொல்வது சரியாகாது. இன்னொரு குழப்பம், ஸ்வியத்தஸ்லாவ் என்ற ஆண்பெயரோடு சேர்த்துப் பார்ப்பது. அதிலுள்ள 'ஸ்வியத்' புனிதம் என்ற வேறு வேர்.

எழுத்துக்கூட்டலுக்கு வருவோம். செய்தித்தாள்கள் 'ஸ்வெட்லானா' என்று எழுதுவது ஆங்கிலம் வழி வந்த பழக்கம். ரஷ்ய மொழியின் அந்த ஒலி பல்லில் நாக்கு படும் தகரமே, டகரம் அல்ல. அழுத்தம் 'லா'வில் விழும். அதனால் முன்னுள்ள எகரம் மெலிந்து கிட்டத்தட்ட இகரமாகக் கேட்கும். கிரந்தம் வேண்டாதவர்கள் சுவெத்லானா எனலாம். உக்ரைனில் ஸ்வித்லானா, பெலாரஸில் ஸ்வியத்லானா. ஆள் எந்த நாட்டவர் என்று பார்த்து எழுத வேண்டும்.

தமிழில் நேர் இணை 'ஒள்ளியள்'. ஒள் என்ற பண்படியும் பெண்பால் ஈறும் அப்படியே பொருந்துகின்றன. 'ஒளியார்முன் ஒள்ளியர் ஆதல்' என்ற குறளில் வருவதும் இந்தச் சொல்லே, ஆனால் அங்கே அறிவொளி. பெயராக வழங்க இது கொஞ்சம் கரடுமுரடுதான். குழந்தைக்கு வைக்கச் சுடரொளி, சுடர்க்கொடி இரண்டும் நல்லவை. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்சியேவிச்சைப் பற்றி எழுதும்போது மட்டும் பெயரைத் தமிழாக்கிவிடக் கூடாது.